யா

பர்பாங்க் தளத்தில் வெயில் நூற்றுநான்கு டிகிரி.
சைபீரியாவுக்கு இன்னும் ரெண்டு மூட்டை குறையுது என்று
கத்துகிறான் உதவி இயக்குநர்.
காகிதப் பனி கொட்டுகிறது.

வெனியமின் லூகிச்
மயிர்த்தோல் தொப்பிக்குள் வேர்த்து வழிகிறார்.
சராத்தவ் நாடகக் கொட்டகையில்
பதினோரு வருடம் கோமாளி வேஷம்;
திரைக்கு வெளியே மூக்கு தெரிந்தாலே போதும்,
வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

இங்கே வேலை, சாவது.
இதுவரை இருபத்தாறு தடவை:
ஹெலிகாப்டரிலிருந்து நான்கு, சுறாவால் ஒன்று,
மிச்சமெல்லாம் தோட்டா.
ஒரே ஒரு படத்தில் பெயர் வைத்தார்கள், போரிஸ்.
யாரும் கூப்பிடுவதற்குள் சுட்டுவிட்டார்கள்.

உச்சரிப்பு சொல்லித்தர வருகிறவள் ஒஹையோக்காரி.
"ர-வை இன்னும் உருட்டுங்கள் சார்.
இப்படிப் பேசினால் உங்களை
ரஷ்யர் என்று யார் நம்புவார்கள்?"
உருட்டுகிறார்,
செங்கல் லாரி மேடேறுவதுபோல.
வோட்காக் கோப்பையில் குழாய்த் தண்ணீர்.
அல்சர் வயிற்றுக்கு அதுவே தோது.

நெஞ்சில் பச்சை குத்தியதுபோல் ஒரு வாசகம்,
அச்சுத்தாளை ஒட்டி உரித்தெடுக்கிறாள் ஒப்பனைக்காரி.
எழுத்தெல்லாம் ரஷ்யம்.
சொல் எந்த ஊரிலும் இல்லாதது.
ஆங்கில 'ஆர்' மட்டும் மூன்று இடத்தில்
முகம் திருப்பி நிற்கிறது.
அது ஆர் இல்லையம்மா, என்கிறார்.
அது 'யா'. எங்கள் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து.
நான் என்று அர்த்தம்.
ஓ, க்யூட், என்கிறாள் அவள்.
பவுடர் ஒற்றுகிறாள்.

என் மொழியில் யா
வினா எழுத்து.
அவரிடம் இதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

ஒப்பனைக் கண்ணாடியில்
எழுத்துகள் நேராகிவிட்டன.
மூன்று ஆர்.
'நான்' போன இடம் தெரியவில்லை.
வெளியே பனி தயார் என்று குரல் கேட்கிறது.
இருபத்தேழாவது தடவை,
படிக்கட்டில் உருண்டு.

பத்து மாதம் கழித்து
சராத்தவிலிருந்து அக்கா ஃபைனா அழைக்கிறாள்.
அங்கே இரவு பத்து, இங்கே காலை பதினொன்று.
"படம் பார்த்தேன் வென்யா.
உன் குரலை எடுத்துவிட்டார்கள்,
எவனோ பேசுகிறான்.
சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டினாய் பார்,
அந்தக் கிறுக்கல்களைப் படித்துக் கொட்டகையே சிரித்தது.
எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது..."

"இரு, இரு," என்கிறார்
கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு.
"எவ்வளவு நேரம் சிரித்தார்கள்?"