கடைசி நிரல்

உப்புவெளியில் ஐந்தேகாலுக்குப் படகைத் தள்ளினோம்.
சவிரியான், நான், முற்பணம் கட்டிய நாலு பேர்.
கரையிலிருந்த கடற்படைக் கொட்டிலில்
பெயர், அடையாள அட்டை, எத்தனை லீற்றர் எண்ணெய்.
என் தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவனுக்கு
இருபது வயதிருக்கும்.
என்ன பார்க்க, என்று தெரிந்த தமிழில் கேட்டான்.
குருவி என்றேன்.
சிரித்துவிட்டுத் தந்தான்.
இதே மணலில் இதே சாமானுக்காக
என் அண்ணன் ஒரு பகல் முழுக்க முழங்காலில் நின்றது
இவன் பிறக்க முந்தி.

என் வேலை கொப்பியில் எழுதுவது.
நேரம், இனம், எண்ணிக்கை, போன திசை.
கடைசி நிரலுக்குப் பெயர் உறுதி.
அதில் மூன்று சொல்லுக்குத்தான் அனுமதி:
நிச்சயம். இருக்கலாம். தெரியாது.

ஆறு ஐம்பது.
மிதந்து வந்த ரெஜிபோம் மூடியில்
நின்றபடி பயணம் செய்கிறது ஓர் ஆலா,
கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கடிவாளம்.
டிக்கெட் எடுத்தவரைப்போல் நேரே பார்க்கிறது.
ஒன்று. வடக்கு. நிச்சயம்.

ஏழு இருபது.
அலையின் தோலை ஒற்றைச் செட்டையால் சீவிக்கொண்டு
மண்ணிறத்தில் ஏதோ போனது.
புத்தகத்தில் அதற்கு லத்தீன்தான் இருக்கிறது.
"தண்ணிவெட்டி" என்றார் சவிரியான்,
பறவைக்கே அது தெரியும் என்பதுபோல.
அப்படியே எழுதினேன்.
கொழும்பில் சிவப்பு மையால் வெட்டுவார்கள்.
வெட்டட்டும்.

பல்வைத்தியர் கிருபாமூர்த்தி
காற்றுக்குக் கீழ்ப்பக்கம் பார்த்து, கண்ணியமாக, வாந்தி எடுத்தார்.
அந்த இடத்துக்கு உடனே பன்னிரண்டு ஆலாக்கள்.
பதிந்தேன். காரணம் எழுதவில்லை.

ஓங்கில்கள் வந்தன,
பம்பரம்போல் தங்களைத் தாங்களே சுழற்றி எறிந்துகொண்டு.
நாற்பதோடு என் எண்ணிக்கை தடுமாறியது.
"நூறு எண்டு போடுங்கோ பிள்ளை,
கடல் கணக்குக் கேக்காது."
இருக்கலாம்.

பிறகு தண்ணீர் கறுத்தது.
இங்கேதான் அடியில் நிலம் அறுந்து விழுகிறதாம்.
பின்னால் கோணேசர் மலை ஒரு பல்லளவு.
எஞ்சினை நிறுத்தினார்.

ஒரு மூச்சு,
முன்னுக்குச் சாய்ந்து, இடப்பக்கம் சரிந்து,
மூக்குக் கோணலான ஆள் தும்மினதுபோல.
"நேர எழும்பினா நீலம். இது பல்லுக்காரன்."
பல்வைத்தியர் முதல் தடவையாகத் தலை நிமிர்த்தினார்.
"கீழ்த்தாடையில் மட்டும்," என்றார்,
"மேலே வெறும் குழிகள்."
அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்தது.

கருவாட்டுச் சாக்கைத் திறந்த வாடை.
நெடுநேரம் ஊறிய விரல்நுனிபோல் சுருங்கிய முதுகு.
பதினேழு மூச்சு எண்ணினேன்.
பதினெட்டாவதற்குப் பதிலாக
வால் முழுதாக எழும்பியது,
தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நின்று
ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது.
அந்த இடத்தில் எண்ணெய்போல் ஒரு வட்டம்.
எட்டு நாற்பத்திரண்டு.

முக்கால் மணித்தியாலம் மூச்சடக்குமாம்.
இருந்தோம்.
மீன் பணிஸைப் பிய்த்துப் பகிர்ந்தோம்.
பின்னால் இருந்த சிறுமி மூக்கைப் பொத்திப் பார்த்தாள்,
முப்பத்தொரு செக்கன்.
காலடியில் ஒரு விரல் கனத்துக்குப் பைபர்.
அதற்குக் கீழே ஒரு கிலோமீற்றர் இருட்டு.
அதற்குள் அது டக் டக்கென்று தட்டித் தட்டிக்
கணவாய் தேடிக்கொண்டிருக்கும்.
எங்கள் நிழல் அதன் கூரையில் ஒரு பொட்டு.
யாரும் வட்ஸப் பார்க்கவில்லை. அங்கே சிக்னலும் இல்லை.

ஐம்பத்தோராவது நிமிடம்.
"கச்சான் எழும்பிட்டுது. திரும்புவம்."
எஞ்சின் பிடித்தது.
பல்வைத்தியர் மட்டும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.
நான் முழங்காலில் கொப்பியை வைத்து,
எழுத்துத் துள்ளத் துள்ள, ஒரு வரி எழுதினேன்:
ஒன்பது முப்பத்து மூன்று.
ஒன்று.
திசை: கீழே.
நிச்சயம்.

கரையில் அதே பையன்
எங்களை விரலால் எண்ணினான்.
ஆறு போனது, ஆறு வந்தது.
அவனுடைய கொப்பியில் சரி போட்டான்.
குருவி கண்டதா, என்று கேட்டான்.
கண்டது என்றேன்.
தொலைநோக்கியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.
அவன் கடலைப் பார்க்கவில்லை,
தலைக்கு மேல் கம்பியில் இருந்த காகத்தைப் பார்த்தான்,
வாயைத் திறந்தபடி, வெகுநேரம்.