ஒன்றரை விழுக்காடு

சாங்கியில் ஓடுபாதைக்கு அந்தப்புறம்
சன்னல் இல்லாத கட்டடம்.
ஏழு கதவு தாண்டினால் என் அறை.
வெப்பம் இருபது, ஈரப்பதம் ஐம்பது.
வெளியே மழையா என்று
மூக்குக்குக்கூடத் தெரியாது.

இன்றிரவுப் பெட்டியில் ஒரு புத்தகம்.
வெனிஸ் நகரத்து அச்சு,
ஐந்நூறு வயதுக்கு மேல்.
இலத்தீன் நகைச்சுவை நாடகங்கள்.
உரிமையாளர் பெயருக்குப் பதில்
பதினொரு இலக்கம்.
இங்கே வந்தபின் இருமுறை விலைபோயிருக்கிறது,
அடுக்கைவிட்டு ஓர் அங்குலம் நகராமல்.

என் வேலை படிப்பதல்ல.
கழுவிய வெறுங்கையால் தாள் தாளாகத் திருப்பிக்
காயங்களை எழுதுவது, பென்சிலால்.
கன்றுத்தோல் அட்டை, முதுகில் வெடிப்பு.
பித்தளைக் கொக்கி ஒன்று இல்லை.
தாள் பதினெட்டில் நீர்க்கறை, தீவு வடிவில்.
வடிவத்தை யாரும் கேட்கவில்லை. அழித்தேன்.

நடுவில் பெரிய எழுத்தில் மூலம்.
நாற்புறமும் பொடி எழுத்தில் உரை,
பேச வந்தவனைப் பேசவிடாத
உறவுக்கூட்டம் போல.
அந்த நெரிசல் மட்டும்
எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

மரச்செதுக்குப் படத்தில் மேடை, நான்கு திரைகள்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்,
வீட்டு எண் மாதிரி.
கிழவர் ஒருவர் கோலை ஓங்குகிறார்.
அடிபட வேண்டியவன்
நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்.

புழு ஒன்று தாள் நாற்பதில் நுழைந்து
தந்தையின் வயிற்றைத் துளைத்து
மகனின் காதல் கடிதத்தைத் துளைத்து
அறுபத்தொன்றாம் தாளில்
ஒரு கதவின் தாழ்ப்பாளில் நின்றுவிட்டது.
அங்கேயே செத்ததா,
போதும் என்று திரும்பியதா?
‘துளை, ஒரு மில்லிமீட்டர்.’

அதே பக்க ஓரத்தில்
யாரோ பழுப்பு மையால் ஒரு கை வரைந்திருந்தார்,
சட்டை மடிப்போடு.
அளவு மீறி நீண்ட சுட்டுவிரல்
ஒரு வரியைக் காட்டியது.
பார்த்தேன்.
எழுத்து தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

பெட்டி திறந்திருக்கும்வரை
காவலர் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும், விதி.
இன்று சூசைநாதன் முறை.
ஜொகூரிலிருந்து மோட்டார்சைக்கிளில்
நாள்தோறும் பாலம் கடந்து வருகிறவர்.
நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி
அந்த வரியை வாசித்தார்,
மெதுவாக, பூசைக் குரலில்.
நான் திரும்பிப் பார்த்த பார்வைக்கு,
“பினாங்கு குருமடம், ரெண்டரை வருஷம்.
பாதியில வந்துட்டேன்.”
ஏன் என்று நான் கேட்கவில்லை.

“அடிமை பேசறான்” என்றார்.
“கதவைத் தட்டினா தூக்கம் போச்சுன்னு உதை.
தட்டாட்டி தாமதம்னு உதை.
அதனால, எஜமான்,
கதவை வித்துட்டேன்.”

ஒரு கணம் குளிர்சாதனம் மட்டும் மூச்சுவிட்டது.
பிறகு அவர் இடுப்பில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தார்,
ஏழு கதவுக்கும் ஒரே அட்டை.
“எதை முதல்ல விக்கலாம்?”

வாயைப் பொத்தினால் மூக்கு வழியே வந்தது.
எச்சில் தெறிக்கக் கூடாதென்று
புத்தகத்துக்கு முதுகு காட்டிக் குனிந்தேன்.
அவர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினார்.
கொஞ்சம் அடங்கும்,
யாராவது “கதவு” என்போம்,
மறுபடி.

கடைசியில் அவனை விற்றுவிடுகிறார்களா என்று கேட்டேன்.
நாலு தாள் தேடினார்.
“குருமடத்துல இந்தச் சொல்லெல்லாம்
சொல்லித் தரல.”

காலையில் வரைபடத் தாள் வந்தது.
நேர்க்கோட்டில் ஒரு சின்ன மேடு.
அதிகாலை மூன்று பத்து முதல் மூன்று பதினாறு வரை
ஈரப்பதம் ஒன்றரை விழுக்காடு உயர்வு.
காரணம்?

இந்நேரம் அவர் பாலத்து வரிசையில்
தலைக்கவசத்துக்குள் இருப்பார்.
பென்சிலைச் சீவினேன்.
கட்டம் மிகச் சிறியது.
‘கதவு சற்று நேரம் இல்லை’ என்று எழுதி,
கடைசிச் சொல்லை மட்டும் அழித்து,
‘திறந்திருந்தது’ என்று மாற்றினேன்.