ஆறு

பூர்க்டோர்ஃப் முதியோர் இல்லத்தில்
பதினேழாம் அறைக் கதவின் உட்புறம்
ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
உப்பைக் குறைக்கவும்.
இடது காதால் மட்டும் கேட்பார்.
தலை துவட்டும்போது முகத்தை மூடவேண்டாம், கத்துவார்.

ஏன் என்று எழுதவில்லை.
வெரேனாவுக்கும் தெரியாது.
நான் கேட்கவுமில்லை. அன்று எனக்குப்
பதினொரு பேருக்குக் கால் கழுவ இருந்தது.

பெரிய வியாழன் அல்ல,
நவம்பரில் ஒரு செவ்வாய்.
பெரிய வியாழனில் எங்கள் சாமியார் கழுவுகிற கால்கள்
வீட்டிலேயே கழுவி, பவுடரும் போட்டு வருகிறவை.
இவை நகம் மஞ்சளித்தவை,
குதி வெடித்தவை,
காலுறையோடு தோலும் உரிந்து வருகிறவை.

மனுவேற்பிள்ளையர் புதிதாக வந்தவர். மன்னார்ப் பக்கமாம்.
"பிள்ளைக்கு எந்த இடம்?"
சொல்லவில்லை. ஊரைச் சொன்னால்
அடுத்ததாகத் தகப்பன் பெயர் கேட்பார்கள்.
இடது காலுறையை இழுத்தேன்.

ஆறு விரல்.
சின்னவிரலுக்கு வெளியே,
எங்கேயோ பார்த்தபடி
நகமில்லாத இன்னொன்று.

சாக்கு முழங்கால்வரைதான் மூடும்.

எனக்குப் பதினான்கு வயது.
பள்ளிக்கூட மைதானத்தில் பெண்களை ஒருபக்கம் இருத்திவிட்டு
ஆண்களை வரிசையாக நடத்தினார்கள்.
கதிரையில் ஒரு சாக்கு உட்கார்ந்திருந்தது,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
ஓட்டைகளைப் பார்க்கப் பயந்து
நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீக்கிலாஸ் அண்ணா முன்னால் வந்து நின்றான்.
சாக்கு ஒருதரம் குனிந்து நிமிர்ந்தது.
அவ்வளவுதான்.
அம்மா சாகும்வரை அவனுடைய கோப்பையில்
வேறு யாரும் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

"சூடு காணுமோ?"
கேட்டது என் வாய்தான். எல்லோரிடமும் கேட்பது.
அவர் தலையை ஆட்டினார்,
ஒருதரம்,
குனிந்து நிமிர்ந்து.

தட்டத்தை அப்படியே விட்டு வெளியே வந்தேன்.
யன்னலுக்கு அப்பால் எம்மே
பனிக்கு முந்திய சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
முப்பத்தைந்து வருஷமாக
பரலோக மந்திரத்தில் 'பொறுப்பதுபோல' வரும் இடத்தில்
நான் இருமுவேன்.
பூசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சளிக்காரி.
ஆண்டவருக்குத் தெரியும்.
அவர் ஒன்றும் சொன்னதில்லை.

ஆண்டவரே, அந்த மைதானத்தில்
நீர் வரிசையில் நின்றீர் என்றே நம்பியிருந்தேன்,
அண்ணாவுக்குப் பின்னால்,
உம்முடைய முறைக்குக் காத்து.
இப்போது இந்தத் தாள் ஏன் கண்ணில் படுகிறது?
உம்முடைய முகத்தையும் ஒருநாள்
துணியால் மூடித்தானே அடித்தார்கள்?
சாக்குக்குள்ளும் இருந்தீரோ?
கேட்கக்கூடாத கேள்வி.
கேட்டுவிட்டேன்.
பதில் வரவில்லை.
பதினெட்டாம் அறையில் மணி அடித்தது.

திரும்பிப் போனேன்.
"தண்ணி ஆறிப்போச்சு, பிள்ளை."
"தெரியும். மாத்துறன்."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை.
சொல்ல என்னிடம் இருக்கவில்லை.
வெந்நீர் இருந்தது.
முழங்கையால் சூடு பார்த்து ஊற்றினேன்,
குழந்தைக்குப் பார்ப்பதுபோல.
பெருவிரலிலிருந்து ஒவ்வொன்றாக
இடுக்கெல்லாம் விட்டுக் கழுவி
கடைசியில் அதற்கு வந்தேன்.

"வந்த புதிசில டொக்டரிட்ட
அதை வெட்டிவிடச் சொன்னனான்," என்றார்.
"நோகுதோ எண்டு கேட்டார்.
இல்லை எண்டன்.
அப்ப ஏன் எண்டார்."
பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு,
"உம்மட கை நடுங்குது."

ஓம் என்றேன்.
நடுங்குகிற கையாலேயே துடைத்தேன்.
தலையும் நனைந்திருந்தது.
துவாயைப் பின்னாலிருந்து போட்டு
நெற்றியில் என் மற்றக் கையை வரம்பாக வைத்துக்கொண்டேன்,
ஒரு நூல்கூட முகத்தில் விழாமல்.
அவர் கத்தவில்லை.
கண்ணைத் திறந்து வைத்தபடியே இருந்தார்,
முழுநேரமும்.

வீட்டுக்கு வந்து அழுதேனா என்றால், இல்லை.
சோறு வடித்தேன். மகன் பிந்தி வந்தான்.
அண்ணாவின் படத்துக்கு முன்னால்
கொஞ்சநேரம் நிற்கமுடியாமல் நின்றேன்.

இரவு செபத்தில் இருமல் வந்தது.
ஆனால்
ஒரு சொல் பிந்தி.