வண்டல்

பதினான்காம் புட்டியை
அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசிவிட்டு
வாய்க்காலுக்குள் முக்குகிறேன்.
குமிழி ஓய்ந்ததும் மூடி,
ஒட்டுச்சீட்டில் எழுதுகிறேன்: காலை ஆறு ஐம்பது.

நாலு முழம் தள்ளி ரூபாவதி
கும்பகோணத்து நகைப்பட்டறைச் சந்தின்
சாக்கடைச் சேற்றை அரிக்கிறாள்.
ஏலத்தில் எடுத்த சேறு, சந்துக்கு மூவாயிரம்.
அரத்தூள், உதறிய பாய்,
ஆசாரிமார் கை கழுவிய தண்ணீர்,
எல்லாத்திலயும் பொன் ஒட்டியிருக்கும் என்கிறாள்.
சல்லடையில் இப்போதைக்கு
ஒரு சவரத்தகடு, ஒரு பொம்மையின் கால்.

கடுகளவு மினுங்கியதும்
முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள்.
சொட்டுமருந்துக் குப்பி. உள்ளே பாதரசம்.
"மோதிரத்தக் கழட்டிருங்க மேடம்,
பட்டா வெளுத்துடும்."
கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.
அவள் விரல்களில் கழற்ற ஒன்றுமில்லை.

பூரிக்குப் பிசைவது மாதிரிதான் பிசைகிறாள்.
கிழிந்த வேட்டித் துண்டில் வைத்து
முறுக்கிப் பிழிகிறாள்.
துணிக்குள் நின்றது அடுப்புக்கு.
தட்டில் மிஞ்சிய சேறு வாய்க்காலுக்கு.

"என்ன பாப்பீங்க இதுல?"
"தண்ணியில என்ன கலந்திருக்குன்னு."
சிரிக்கிறாள்.
மேல்வரிசையில் இரண்டு பல் ஆடுகின்றன.
"தண்ணியில ஒண்ணும் அகப்படாதுங்க.
அது கனம்.
அடியில போயி உக்காந்துக்கும்."

படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.
நிறம், மணம், அமிலம், உலோகம்.
'மாதிரி' என்ற இடத்தில்
'நீர்' என்று அச்சடித்தே வந்திருக்கிறது.

பதினோரு நாளில் முடிவு வந்தது:
பாதரசம், கண்டறியும் அளவுக்குக் கீழே.
கையெழுத்துப் போட்டேன்.
பொய் ஒன்றும் இல்லை அதில்.

ஆனி பிறந்து நாலாம் நாள்
மேட்டூர்த் தண்ணீர் மதகுக்கு வந்தது,
செத்தையும் நுரையும் முன்னால் தள்ளிக்கொண்டு,
பத்து மாதமாய்ப் படிந்த அடியைக் கிளறிக்கொண்டு.
பையன்கள் கூடவே ஓடினார்கள்,
தண்ணீரைவிட இரண்டடி முன்னால்.
கடைமடையில் நாற்று விட்டுக் காத்திருந்த
வைத்திலிங்கம் நெல்லும் பூவும் தூவினார்.
"பாத்தீங்களா கலங்கல?
அத்தனையும் வண்டல். உரமே வேணாம்.
நீங்களும் தொட்டுக் கும்புடுங்க."

அவரிடம் சொல்ல
என்னிடம் இருந்தது ஒரு கையெழுத்துதான்.

குனிந்தேன்.
மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்
தொட்டேன்.