பாதி கத்தரித்த ஆடு

தட்டின் வலப்பாதி துடைத்தெடுத்தாற்போல் காலி.
இடப்பாதியில் உருளைக்கிழங்கும் இறைச்சியும்
ஆறிக் கொழுப்புறைந்து கிடக்கின்றன.
"இன்னும் பசிக்கிறது" என்கிறார் எலெயுத்தேரியோ பார்ரியா.
"பச்சைப்பிள்ளைக்கு வைப்பதுபோல் வைக்கிறீர்கள் இங்கே."

தட்டை அரைவட்டம் திருப்புகிறேன்.
"ஆ, இப்போதுதான் வந்தது" என்று
முள்கரண்டியை எடுக்கிறார்.

கண்ணில் கோளாறில்லை.
மூளையின் வலப்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்துப்
பதினேழு நாள் ஆகிறது.
உலகத்தின் இடப்பக்கம் அவருக்கு
இருட்டுகூட இல்லை.
இருட்டென்றால் விளக்குக் கேட்டிருப்பார்.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பன்னிரண்டு எண்ணும் வலப்பக்கம் ஒதுங்கி
பட்டியில் அடைத்தாற்போல் நெருக்கியடித்து நின்றன.
போர்வைக்குள் கிடந்த இடக்கையைத் தொட்டு
"இது யாருடையது?" என்றேன்.
"உங்களுக்கு முன் வந்த நர்ஸ் விட்டுப்போனது."
அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்காதிருக்கப் பயின்றவள்.

அந்தக் கையைத் தலையணைமேல் ஏற்றி,
விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து,
தண்ணீரைக் கெட்டியாக்கி ஸ்பூன் ஸ்பூனாய்,
ஒவ்வொரு விழுங்கலுக்கும் தொண்டையைப் பார்த்திருந்து,
இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்து,
நான்கு மணிக்கு மறுபடி.
வெளியே புந்தா அரேனாஸின் காற்று
தகரக் கூரைகளைப் பிய்க்கப் பார்த்தது.

மனைவி எர்மிந்தா
வலப்பக்க நாற்காலியில்தான் உட்காருவாள்.
"இந்தப் பக்கம் வாருங்கள்" என்று இடப்பக்கம் காட்டினேன்.
"கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.
அவர் தேடி உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்."

மூன்று நாள் உட்கார்ந்தாள்.
மூன்று நாளும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி
மனைவி ஏன் வரவில்லை என்று என்னை விசாரித்தார்.
நான்காம் நாள் நடைகூடத்தில் மறித்தாள்:
"முப்பத்தோரு வருஷம் இந்த ஆள்
என்னைப் பார்க்காமலே இருந்தார். நான் அதை
நோயென்று நினைத்ததில்லை.
இப்போது நோய் என்கிறீர்கள்.
எது எதுவென்று எப்படிப் பிரிப்பேன்?"

நரம்பியல் வார்டில் எனக்குப் பதினோரு வருஷம்.
இதற்கு என்னிடம் துண்டறிக்கை இல்லை.
காபி வாங்கிக் கொடுத்தேன்.
மூளைப் படத்தைக் காட்டி,
இந்தத் திட்டு மட்டும்தான் நோய்,
மற்றதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்றேன்.
அவள் சிரித்த முதல் தடவை.

செய்தித்தாளின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினேன்.
நாடா தட்டுப்படும்வரை கண்ணை ஓட்டு, பிறகு படி.
சொன்னால் செய்வார்.
நான் நகர்ந்தால் நாடாவும் நகர்ந்துவிடும் உலகத்தைவிட்டு.

வெள்ளிக்கிழமை, சவரம்.
வலக்கன்னம் வழுவழுப்பு.
இடக்கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.
"முடிந்தது" என்று ரேஸரைத் தண்ணீரில் போட்டார்.
நான் வாய் திறப்பதற்குள்
இடப்பக்க நாற்காலியிலிருந்து எர்மிந்தா:
"எந்தப் பண்ணையில் ஐயா
பாதி கத்தரித்த ஆட்டுக்கு உனக்குக் கூலி கொடுத்தார்கள்?"

நாற்பது பருவம் ரோமம் கத்தரித்த மனிதர்.
நாளொன்றுக்கு நூற்றிருபது ஆடு.
கை அந்தரத்தில் நின்றது. நெற்றி சுருங்கியது.
பிறகு, ஆட்டைப் புரட்டுகிறவர்போல்
முழங்காலை நெருக்கி, தோளைச் சாய்த்து,
மொத்த உடம்பாய்த் திரும்பினார்.
ரேஸர் மூக்கைத் தாண்டியது,
உறைபனியில் கால் வைப்பதுபோல்.
நுரையில் ஒரு கோடு.

"நீ எப்போது வந்தாய்?"
"போன வாரம், செவ்வாய்க்கிழமை."

அதிசயம் ஒன்றுமில்லை.
அன்று மதியமே சூப்புக்குப் பக்கத்தில் ரொட்டி மிஞ்சியது.
மறுநாள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.
வீட்டுக்குப் போகும்போது தாளில் எழுதினேன்:
வண்டி ஓட்டக் கூடாது.
இடதுபக்க அடுப்பைத் தொடக் கூடாது.
தட்டைத் திருப்பவும்.
எர்மிந்தா படித்துப் பேனா கேட்டு
அடியில் தன் கையெழுத்தில் சேர்த்தாள்:
ஆட்டைப் புரட்டு.

தெருவில் காற்றுக்காகக் கட்டியிருந்த கயிற்றை
வலக்கையால் பிடித்து நடந்தார். இடப்பக்கம் அவள்.
ஒருமுறை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்.
அவளைப் பார்க்கவா, பஸ் வருகிறதா என்றா,
ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியவில்லை.