காசு நிற்கும் மேசை

தண்டர் பேயில் நவம்பர்.
காரைப் பனியில் தள்ளி நிறுத்திவிட்டு
கராஜை அளந்தேன்.
அகலம் பதினோரடி, நீளம் இருபது,
வெந்நீர்க் கலம் தின்றது போக
மேசை ரம்பத்துக்கு ஓரிடம்.
எட்டடிப் பலகை ஒருபுறம் நுழைந்து
எட்டடியும் மறுபுறம் போக வேண்டும்.
கதவைத் திறந்துவைத்தால் முடியும்.
ஜனவரியில் கதவைத் திறந்துவைப்பது பற்றி
டார்சி ஒன்றும் சொல்லவில்லை.
மஃப்ளரை மட்டும் இறுக்கிக்கொண்டான்.

ககாபெக்கா சாலையில் ஓரெஸ்ட் என்பவர்
பழையது ஒன்றை விற்கிறார் என்றார்கள்.
வார்ப்பிரும்பு மேசை,
என்னைவிட மூன்று வயது மூத்தது.
மெழுகு தேய்த்து வைத்திருந்தார்,
குழல்விளக்கு அதில் நீளமாகப் படுத்திருந்தது.
மூன்று பேர் இல்லாமல் நகராது என்றார்,
பிடிவாதக்கார மகனைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு.

சட்டைப்பையிலிருந்து ஐந்து சென்ட் காசை எடுத்து
மேசைமேல் செங்குத்தாக நிறுத்தினார்.
சுவிட்சைத் தட்டினார்.
நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று.
காசு நின்றது.
காசிலிருந்த பீவர்,
பல்லால் மரம் அறுத்தே பிழைக்கும் பிராணி,
மீசைகூட அசையாமல்
தன் மேட்டில் உட்கார்ந்திருந்தது.

அப்போதே வாங்கியிருப்பேன்.

வேலியை இழுத்துக் காட்டினார், நூல் பிசகவில்லை,
பயிரை மேயாத வேலி.
ஆனால் அலகுக்குப் பின்னால்
பிளவு நெரியாமல் காக்கும் தகடு இல்லை.
"அந்தக் காலத்தில் வைப்பதில்லை."

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
திங்கட்கிழமைக் காலைகளில் கைகள் வரும்
துண்டில் சுற்றி,
சிலசமயம் ஐஸ் பெட்டியில் தனியாக ஒரு மிச்சம்.
'விரல்களை விரித்து வையுங்கள்' என்று பழகிய வாய்
பாதியில் நிறுத்திக்கொள்ளும்.

ஓரெஸ்டின் இடது மோதிரவிரல் மடங்கவில்லை.
நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.
"பனி வாரும் எந்திரம். தொண்ணூற்றெட்டில்."

பனி வாரும் எந்திரம் நசுக்கும்.
அளவெடுத்து வெட்டாது.
இந்த விரலோ
மற்றக் கையின் விரலைவிடச் சற்றே குட்டை,
அலகின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு,
அங்குலத்தில் எட்டிலொரு பங்கு.
இரு முனையையும் தைக்கலாம்.
நடுவில் தூளாய்ப் போனதை எங்கே தேட?

தள்ளுகட்டையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.
மேப்பிளில் தானே செதுக்கியது,
பிடி புறாக் கழுத்துபோல.
ஒரு கீறல் இல்லை அதில்.
இத்தனை வருடமும் புத்தம்புதிது.

என் கராஜில் இருநூற்றிருபது வோல்ட் இல்லை என்றேன்.
பொய்யில்லை.
ஒயர் இழுக்க ஒரு மத்தியானம் போதுமே என்றார்.
அதுவும் பொய்யில்லை.
காபி தந்தார். குடித்தேன்.
அவர் காசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சதை பட்ட கணத்தில் நின்றுபோகும் ரம்பம்
மூன்று மடங்கு விலை.
அலுமினிய மேசை, கீழே சக்கரம்,
ஓடும்போது ஜுரம் கண்டதுபோல் நடுங்கும்.
ஈரப் பலகையைக் கண்டாலே
கை என்று பயந்து நின்றுவிடுமாம்,
நின்றால் அலகும் போச்சு, தடைக்கட்டையும் போச்சு.
கோழை எந்திரம்.
அதைத்தான் வாங்கினேன்.
டார்சி விலை கேட்டான்.
விரலுக்கு இருநூறு டாலர் என்றேன்.
அவன் தன் விரல்களை எண்ணாமல்
வெளியே வெளுத்துக்கொண்டிருந்த காரைப் பார்த்தான்.

முதல் இரவே சுவிட்சைப் போட்டு
ஐந்து சென்ட் ஒன்றை நிறுத்திப் பார்த்தேன்.
இரண்டு விநாடி.
பீவர் குப்புற விழுந்து, உருண்டு,
வெந்நீர்க் கலத்தின் அடியில் போயிற்று.
அணைத்துவிட்டு, அலகு ஓயும்வரை காத்திருந்து,
மண்டியிட்டுக் கைவிட்டேன்.
தூசி, ஒரு திருகாணி, சில்லென்ற சிமென்ட்.
ஒவ்வொரு விரலாய்த் துழாவியது.