பொது லாகின்

நீடாமங்கலம் பிரிவு அலுவலகத்தில்
மூன்று கணினி, பதினொரு பேர்,
ஒரே லாகின்.
பாஸ்வேர்டை மானிட்டரின் முதுகில்
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும்.

முறை வைத்துத்தான் உட்காருவார்கள்.
வெண்ணாற்றுக்கு ஆறு நாள், கோரையாற்றுக்கு ஆறு நாள் என்று
தண்ணீர் பிரிக்கிற ஊரில்
இதுவும் அப்படியே பழகிவிட்டது.

காலையில் ஞானசௌந்தரி வந்தால்
வட்டு எறியும் மகள்,
முழங்கை மடங்கி, கன்னம் உப்பி.
பதினொன்றரைக்கு அருள்சகாயம் உட்கார்ந்தால்
வேளாங்கண்ணிக் கடல்.
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
யாரோ தவணையில் எடுக்கப்போகிற புல்லட்.
ஒருமுறை மகள் இருந்த இடத்தில்
பிராய்லர் கடை விளம்பரம் வந்ததற்கு
இரண்டு நாள் பேச்சு நின்றது.
மாலையில் லஸ்கர்கள் வந்து
நீர்மட்டம் ஏற்றிவிட்டுப் போவார்கள்.
அவர்கள் எந்தப் படமும் வைத்ததில்லை.

நான் மன்னார்குடியிலிருந்து வருகிற ஒப்பந்த ஆள்.
பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள்.
இந்த முறை கூப்பிட்டது வேறொன்றுக்கு.

ஆய்வுக் கூட்டமாம். மேலிடத்திலிருந்து நாலு கார்.
‘கடைமடை வரை தண்ணீர்’ என்று
முப்பத்திரண்டு ஸ்லைடு தயார்.
புரொஜெக்டரைச் சொருகினார்கள்.
ஃபைல் திறப்பேனா என்று சுழன்றுகொண்டிருந்த
அந்த இருபது நொடி
சுவர் முழுக்க ஒரு வாய்க்கால்.
வெடித்த களி.
நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு கால் உடைந்து,
யாரோ உட்கார்ந்து பார்த்துவிட்டு
எழுந்துபோன மாதிரி.

யார் வைத்தது?
பதினொரு பேரும் ஒரே பெயரில்தான் நுழைகிறார்கள்.
எந்திரத்துக்கு எல்லாரும் ஒருத்தர்.

கடிதம் என் கைக்கு வந்தது,
கீழே பச்சை மைக் கையெழுத்து:
‘வால்பேப்பரை எவரும் மாற்ற இயலாதவாறு செய்க.’

செய்தேன். பாலிசியைத் திறந்து
மாற்றத் தடையை இயக்கி,
சாம்பல் நிறத்தில் துறைச் சின்னத்தை வைத்து,
ரைட் கிளிக் செய்து பார்த்தேன்.
தேர்வுகள் எல்லாம் மங்கிக் கிடந்தன.
மங்கினதை அழுத்தினால் ஒன்றும் நடக்காது,
இருந்தாலும் இரண்டு தடவை அழுத்தினேன்.

பழைய படங்களைத் துடைக்கையில்
அது அகப்பட்டது.
காலை 6.40க்கு எடுத்தது.
பெரிதாக்கினேன்.
கீழ் ஓரத்தில், களியின் மேல்
எடுத்தவரின் நிழல்.
தோளில் நீளமாய் ஏதோ ஒன்று, நுனி வளைந்து.
ஷட்டர் திருகுகிற சாவி.

வெளியே லஸ்கர் உத்திராபதி
சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார்,
கை முழுக்க கிரீஸ்.
‘பூட்டியாச்சா சார்?’
ஆச்சு.
‘எல்லாத்தையுமா?’
நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசினார்:
‘நம்ம தலைப்புல ஏழாம் நம்பர் ஷட்டர் இருக்கு பாருங்க,
எவ்வளவு இறக்கினாலும் அடியில சன்னமா ஓடும்.
ரிஜிஸ்டர்ல மூடியிருக்குன்னுதான் எழுதறோம்.’
செயின் மறுபடி கழன்றது.

பணி முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.
பில் இன்னும் பாஸாகவில்லை.

போன வாரம் பிரிண்டருக்காகப் போயிருந்தேன்.
சௌந்தரி தன் மகளை மானிட்டர் விளிம்பில்
செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்.
பாஸ்போர்ட் அளவு, வட்டு தெரியவில்லை.
அருள்சகாயம் சாப்பிடப் போயிருந்தார்.
மூன்றாம் கணினியை
ஐந்து நிமிடம் யாரும் தொடவில்லை.

சின்னம் அணைந்தது.
வாய்க்கால் வந்தது.
களி. நாற்காலி.

உத்தரவில் வால்பேப்பர் என்றுதான் இருந்தது.
ஸ்கிரீன்சேவரைப் பற்றி
யாரும் ஒன்றும் எழுதவில்லை.

மவுஸ் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.
இடிக்காமல் குனிந்து
சிக்கின தாளை இழுத்துக்கொண்டிருந்தேன்,
கிழியாமல் வரவேண்டுமே என்று
மெதுவாக.